எதிர்கோலில் என் மச்சினன்

வைகாசி வெயிலில் தேவதானப்பட்டி மைதானத்தில் இறங்கியபோது எனக்கு ஜெயிக்கிற ஆசையெல்லாம் இல்லை. ஆட்டம் முடிய வேண்டும், யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் நான் வீடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது அரையிறுதி ஆட்டம். எதிரே நின்றது நான் பதினேழு வருஷம் ஆடிய எங்கள் ஊர்க் கிளப். அதன் கோலுக்குள் நின்றது என் மனைவியின் தம்பி. கேப்டனும் அவன்தான். அவன் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

முப்பத்தாறு வயதில் கால்பந்து ஆடுவது ஒரு வகையில் வீம்பு. எனக்கே தெரியும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது வலது முட்டி மடங்க மாட்டேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கும். அதைக் கெஞ்சி, மிரட்டி, தைலம் தடவிக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மார்க்கையன்கோட்டைக்கு வேலைக்குப் போவேன். அங்கே ஓர் அரிசி ஆலையில் சூப்பர்வைசர் நான். நாள் முழுக்க நின்றே தீர வேண்டிய வேலை. சாயங்காலம் பூட்ஸை மாட்டும்போது, "போதுமப்பா" என்று சொல்வது முட்டியா மனசா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மைதானத்தில் நான் ஸ்டாப்பர். தடுப்பாட்டத்தின் நடுவில், கீப்பருக்கு முன்னால் நிற்கிறவன். கோல் அடித்தவன் பெயரை மைக்கில் மூன்று தடவை சொல்வார்கள். ஸ்டாப்பரின் பெயர் அவன் தப்பு செய்தால்தான் நாலு பேர் வாயில் விழும். பதினேழு வருஷத்தில் என் பெயர் அதிகம் விழுந்ததில்லை. பெருமை என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் உறவுமுறை கிடையாது. அணியில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் ஏதாவது ஒரு வகையில் சொந்தம். சித்தப்பா, மாமா என்று மரியாதை பார்த்துக்கொண்டு நின்றால் எதிராளி கோலடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். என் மச்சினன் கீப்பராக வந்த புதிதில் இந்த வழக்கம் அவனுக்குப் பிடிபடவே இல்லை. அக்கா புருஷனை ஒருமையில் எப்படிக் கூப்பிடுவது? உயரப் பந்து வரும்போது, "மாமா, விட்டுருங்க மாமா, நான் பிடிச்சுக்கிடுறேன்" என்று மனு கொடுப்பான். மனு முடிவதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும்.

அப்படி இரண்டு கோல் வாங்கிய பிறகு நான் அவனைப் பிடித்து நிறுத்தினேன். "வெளிய எத்தன மாமா வேணும்னாலும் போட்டுக்க மாப்ள. உள்ள வந்தா 'விடு'. அம்புட்டுத்தான்."

அதிலிருந்து பதினோரு வருஷம் அப்படித்தான் நடந்தது. அவன் விடு என்றால் நான் விட்டுவிடுவேன். திரும்பிப் பார்ப்பதில்லை. பந்து நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். பின்னாலிருந்து அவன் கை வந்து பந்தை எடுத்துக்கொள்ளும். ஒரு தடவைகூட அந்தக் கை வராமல் இருந்ததில்லை. ஒருமுறை ஆட்டம் பார்க்க வந்த என் மனைவி, தன் தம்பி தன் புருஷனைப் பார்த்து விடு, விடு என்று கத்துவதைக் கேட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரோடும் ஒரு வாரம் பேசவில்லை. அவளுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

போன புரட்டாசியில் கெட்டது எல்லாம். புது சீசனுக்கு ஆள் எடுக்கக் கிளப் கூட்டம் போட்டார்கள். மைதானத்தின் சிமெண்டுப் படியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். என் மச்சினன் எழுந்து, கேப்டன் என்ற முறையில், இந்த வருஷம் மாமா வெளியே இருந்து அணியைப் பார்த்துக்கொள்ளட்டும், ஸ்டாப்பருக்கு வேறு ஆளைப் போடலாம் என்றான். சொன்னதில் தப்பே இல்லை. போன சீசனில் நான் இரண்டு தடவை ஓட்டத்தில் தோற்று, இரண்டும் கோலாகியிருந்தன. ஆனால் முந்தின நாள் மத்தியானம் என் வீட்டில் உட்கார்ந்து மீன்குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவன் அவன். அப்போது சொல்லியிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருந்தால் சரி மாப்ள என்றிருப்பேன். இருபது பேர் முன்னால் சொன்னான். நான் ஆடுவதா வேண்டாமா என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுவாரம் என் ஆலைக்குப் பக்கத்தில், சின்னமனூர்ப் பக்கத்துக் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். அவர்களுக்கு ஸ்டாப்பர் இல்லாமல் இருந்தது. கோபத்தில் எடுத்த முடிவு. கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது, முடிவு தங்கிவிட்டது. எங்கள் வயசில் முடிவை மாற்றிக்கொள்வதற்குக் கூட ஒரு தெம்பு வேண்டும். அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சுருளிப்பட்டி ரோட்டில் இருக்கும் மாமனார் வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கு வாரம் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தவன் போவதை நிறுத்தினேன். பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டு வருகிறவன், நான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வந்து கரும்பையும் பானையையும் வாசலில் இறக்கிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போயிருந்தான். என் மனைவி அந்தக் கரும்பைத் தொடவே இல்லை. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்று அவள் அடிக்கடி சொல்வாள். அது அவளுக்குத்தான் பொருந்தியது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தோம்.

புது கிளப்பில் எல்லாரும் நல்லவர்கள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. கோட்டுக்குள்ளும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர்களுடைய கீப்பர் பந்தை எடுக்க வரும்போது 'கீப்பர்' என்று கத்துவான். ஊரெல்லாம் அப்படித்தான் கத்துகிறார்கள். எனக்குத்தான் அது காதில் விழுந்து மூளைக்குப் போய், மூளை உத்தரவு போட்டு, பிறகு தலை குனிவதற்குள் அவன் முட்டி என் விலாவில் இருக்கும். பயிற்சியில் இரண்டு தடவை மோதிக்கொண்டோம். பழகிப்போகும் அண்ணே என்றான் அவன். எட்டு மாதத்தில் பழகவில்லை.

அரையிறுதியில் எந்தக் கிளப்போடு என்று தெரிந்த அன்று கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கேரளத்து ஏலத்தோட்டத்தில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு மலையிறங்கி வந்தவர். பேச்சில் பாதி மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். மச்சினன் எதிரே நிற்கிறானே, ஆடுவீர்களா என்று கேட்டார். முட்டி வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். பொய்யும் இல்லை அது. ஆனால் ஆடாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள், ஆடினால் துரோகி என்பார்கள். எப்படியும் வாங்கப்போகிறோம், நின்றே வாங்குவோம் என்று ஆடுகிறேன் என்றேன். கோச் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

அன்று காலையில் என் மனைவி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். "யாரு ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. அவன்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வாங்க."

பேசலாம் என்றுதான் போனேன். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை கொடுப்போமே, அப்போது நல்லாருக்கியா மாப்ள என்று கேட்பதாக வேனிலேயே முடிவு செய்திருந்தேன். அவன் கையுறை போட்ட கையை நீட்டினான். நான் பிடித்தேன். பிடித்த கணமே அவன் கண் எனக்கு அடுத்து நின்றவனிடம் போய்விட்டது. நல்லாருக்கியா என்பது என் வாய்க்குள்ளேயே நின்றுபோனது. அந்தக் கையுறை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அவனும் சேர்ந்து மதுரையில் போய் வாங்கியது.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். எனக்குத் தெரியாத முகம் அதில் ஒன்றுகூட இல்லை. "ஏலே, கச்சி மாறி" என்று முதல் பத்து நிமிஷம் கத்தினார்கள். பிறகு வெயிலில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது. நான் என் வேலையைச் செய்தேன். அவர்களுடைய ஆட்டம் எனக்கு மனப்பாடம். வலது பக்கத்திலிருந்து பந்து எப்போது குறுக்கே வரும், அவர்களுடைய பார்வர்டு எந்தத் தோளைக் காட்டி எந்தப் பக்கம் ஓடுவான் என்பதெல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும். நான்கு தடவை வெட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் என் பக்கத்துப் பையன்கள் முதுகில் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. சொந்த வீட்டுப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவன் திருடப் போனால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் ஒருவன் கையால் பந்தைத் தடுத்துவிட, ஃப்ரீ கிக்கில் அவர்கள் கோல் போட்டார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். அப்போதே எனக்கு முட்டி இரண்டு முட்டி கனம் கனத்தது. நேரம் போகட்டும் என்று காத்திருந்தேன். தோற்றாலும் பரவாயில்லை, ஒழுங்காகத் தோற்று வீட்டுக்குப் போகலாம்.

பத்து நிமிஷம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கோச் கோட்டோரத்திலிருந்து என்னை மேலே போகச் சொல்லிக் கை காட்டினார். நான் உயரம், தலையால் அடிப்பேன் என்று கணக்கு. மெதுவாக ஓடி எதிரணியின் பாக்ஸுக்குள் போய் நின்றேன். பதினேழு வருஷமும் நான் காவல் காத்த இடம் அதுதான், இன்று அதற்குள் கோல் போட வந்திருக்கிறேன். எனக்கு மூன்று எட்டுத் தூரத்தில் என் மச்சினன்.

பந்து நல்ல வளைவில் வந்தது. எல்லார் தலைக்கும் மேலே வந்து, நேரே என் நெற்றியைத் தேடி இறங்கியது. மச்சினன் அதைப் பிடிக்க முன்னால் ஓடி வந்துவிட்டான், வந்த பிறகுதான் எட்டாது என்று தெரிந்திருக்கும். அவனுக்குப் பின்னால் கோல் திறந்து கிடந்தது. நான் சும்மா நெற்றியைக் கொடுத்தால் போதும்.

"விடு!"

தலையைக் குனிந்துகொண்டேன்.

பந்து என் முடியை உரசிக்கொண்டு போய், தூரத்துக் கம்பத்துக்கு வெளியே மண்ணில் விழுந்து உருண்டது. அது உருண்டு நிற்கிற வரைக்கும்கூட எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வழக்கம்போல அவன் எடுத்திருப்பான் என்று நிமிர்ந்தேன். முன்னால் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சட்டை மஞ்சள், அவன் அணியின் சட்டை நீலம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எதிராளியை ஏமாற்றக் குரல் கொடுத்தால் அது தப்பாட்டம். ரெஃப்ரியிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வது? கீப்பர் என்றால் தன் ஆட்களைப் பார்த்து நூறு தடவை எதையாவது கத்துவான். என் மச்சினன் சொன்னான், அதனால் நான் விட்டுவிட்டேன் என்றா சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். கோட்டோரத்தில் கோச் கையைத் தூக்கினார். "மதி," என்றார். போதும் என்று அர்த்தம். ஆளை மாற்றினார்கள்.

பாக்ஸிலிருந்து கோடு வரைக்கும் நடந்த தூரம் மாதிரி நான் எந்த ஆட்டத்திலும் ஓடியதில்லை. போகும் வழியில்தான் எங்கள் ஊர் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். என்ன இருந்தாலும் மாமா நம்ம ஆளு என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். அந்தக் கைதட்டல் மைதானம் முழுக்கக் கேட்டது. கோச்சுக்கும் கேட்டது. அவமானத்தில் எனக்குக் கண் எரிந்தது, வியர்வை போலத் துடைத்துக்கொண்டேன்.

ஒன்றுக்குப் பூஜ்யத்திலேயே ஆட்டம் முடிந்தது. வேனில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. கோச் ஏறி வந்து முன் சீட்டில் சாய்ந்து நின்றார். கோபம் இல்லாத குரலில்தான் பேசினார்.

"வீட்டுல சங்கடம் வந்துறக் கூடாதுன்னு நெனச்சிருப்பீக. மொதல்லயே சொல்லிருந்தா உக்கார வச்சிருப்பேன்ல."

நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்றேன். பழக்கம், குரல் கேட்டதும் உடம்பு குனிந்துவிட்டது என்றேன். எட்டு மாதமாக எங்கள் கீப்பர் கத்தி ஒரு தடவைகூடக் குனியாத உடம்பு. அந்தக் கீப்பரும் வேனில்தான் இருந்தான். அவன் தன் விலாவைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தான். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் என் மச்சினன் வேன் வாசலுக்கு வந்தான். கீப்பர் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஜெயித்த அணியின் கேப்டன் தோற்றவர்களின் வேனுக்கு வருவது வழக்கமில்லை, எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் என்னைப் பார்க்காமல் கோச்சைப் பார்த்துச் சொன்னான்.

"அவுக மேல தப்பில்ல சார். நான்தான் பழக்கத்துல கூப்புட்டுட்டேன். நான் கூப்புட்டா அவுக விட்டுருவாக."

பின் சீட்டிலிருந்து யாரோ, "வேலிக்கு ஓணான் சாட்சி" என்றான். வேன் முழுக்கச் சிரித்தது. கோச் சிரிக்கவில்லை, சரி தம்பி, போய்ட்டு வாங்க என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றபோது யாரும் தடுக்கவில்லை.

மெயின் ரோட்டுக்கு நடந்தேன். அவன் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் லாரியில் ஆட்டமும் பாட்டுமாக அவனைக் கூப்பிட்டார்கள், நீங்கள் போங்கள் என்று கை காட்டிவிட்டான். திண்டுக்கல்லிலிருந்து கம்பம் போகிற பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் பெரியகுளம் தாண்டியது. பஸ்ஸில் யாரோ ஏற்றியிருந்த மாம்பழக் கூடையின் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. வேனுக்கு வந்து சாட்சி சொன்னானே, அதுவரைக்கும் சரி, அவன் அக்காவிடம் போய்ச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, வேன்ல நான் சொன்னது முழுசும் நெசமில்ல," என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழக்கத்துல கூப்புடல. பந்து எனக்கு எட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு. தலைய கொடுக்கப் போறது யாருன்னு பாத்தேன். நீங்கன்னு தெரிஞ்சுதான் கூப்புட்டேன்."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் நான் திரும்பிப் பார்க்காமல் தலையைக் குனிந்தது இதற்காகவா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. எதுக்குடா என்று மட்டும்தான் வந்தது.

"ஜெயிக்கணும்னுதான்." பெருவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே மறுபடி சொன்னான். "அது மட்டும்தானான்னு எனக்கே தெரியல. இப்பவும் நான் சொன்னாக் கேப்பீகளான்னு பாக்கணும் போல இருந்துச்சு."

எட்டு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் சொல் அந்த 'விடு'தான் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பொங்கலுக்குப் பேசாதவன், கை கொடுக்கும்போது பேசாதவன், ஊரே பார்க்க என்னை மொட்டையடிப்பதற்கு வாயைத் திறந்திருக்கிறான். நானும் ஒரு கணம்கூடத் தயங்காமல் கேட்டிருக்கிறேன். இனி அந்தக் கிளப்புக்கும் போக முடியாது, இந்தக் கிளப்புக்கும் போக முடியாது. என் ஆட்டம் அந்தப் பஸ்ஸோடு முடிந்துவிட்டது. அது தெரிந்தபோது, சொன்னால் வெட்கம், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் கடைசியில் என் பெயர் இப்படியா நிற்க வேண்டும் என்று மனசு ஆறவில்லை.

நாளைக்கே வந்து உங்கள் கோச்சிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றான். சொல்வான், எனக்குத் தெரியும். சொன்னால் என் பெயர் தேறும். அவனுக்கு அடுத்த ஞாயிறு இறுதியாட்டம். ஏமாற்றி ஜெயித்த கேப்டன் என்ற பெயரோடு அவன் கோலுக்குள் நிற்க வேண்டியிருக்கும். அவனுக்கு இன்னும் பத்து வருஷ ஆட்டம் மிச்சம் இருந்தது.

"வேண்டாம். ஒருத்தன் பேரு கெட்டது போதும்," என்றேன்.

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான். தோள் குலுங்கியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். தேனி பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்புகிற வரைக்கும் நான் அவன் முதுகில் கை வைத்திருந்தேன். பிறகுதான் சொன்னேன்.

"ஆனா ஒண்ணு மாப்ள. இனிமே அப்படிக் கூப்புடாத. கூப்புட்டா நான் விட்டுருவேன்."